பெருமூச்சு விட்ட பெட்டி

"தவளை தன் வாயால் கெடும்" என்பது பழமொழி. எங்கள் பள்ளிக் கணிப்பொறியோ வாயைப் பொத்தியதால் கெட இருந்தது. பொத்தியவர்கள் வேறு யாருமல்லர். இக்கட்டுரையை எழுதும் நாங்களே! நடந்ததை மறைக்காமல் எழுதிவிடுவது என்று எல்லோரும் கூடிப் பேசி முடிவு செய்தோம். கதையோடு கொஞ்சம் அறிவியலும், கொஞ்சம் கணக்கும் வரும். அன்புத் தோழியர் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறோம்.

எங்கள் வகுப்பில் கண்பார்வை மிகவும் குறைந்த தோழி ஒருத்தி இருக்கிறாள். அச்செழுத்தை அவளால் படிக்க இயலாது. ஆனால் ஒருமுறை காதால் கேட்டதை அவள் மறந்து நாங்கள் பார்த்ததில்லை. அரசுப் பொதுத்தேர்வில் அவள் சொல்லச் சொல்ல எழுதுவதற்கு ஒருவர் உடன் அமர்வார். தேர்வுக்கு அது போதும். தேர்வுக்கு முன் பாடத்தைப் படிப்பது எப்படி? "நீங்கள் வாசியுங்கள், கணிப்பொறியில் பதிவு செய்வோம், அவள் வேண்டும்போதெல்லாம் கேட்டுக்கொள்ளட்டும்" என்று எங்கள் அருட்சகோதரி வழி சொன்னார்கள். பத்தாம் வகுப்புப் பாடங்கள் முழுவதையும் குரலாக்கித் தருவதென்று ஆனி மாதத்தில் வேலையைத் தொடங்கினோம்.

தொடங்கிய அன்றே ஓர் இடையூறு. மாடிப்படிக்குக் கீழே உள்ள சிறு அறையில்தான் கணிப்பொறி இருந்தது. அதன் பின்புறத்து விசிறி மாவு மில் போல இரைந்தது. பதிவைக் கேட்டால் எங்கள் குரலுக்கும் முன்னால் அந்த இரைச்சல்தான் வந்து நின்றது. கணிப்பொறி பழுது பார்க்கும் அண்ணாச்சி வந்து பார்த்தார். "மிஷின்ல குத்தமில்ல சிஸ்டர், பவர் சப்ளை விசிறிதான் தேஞ்சு போச்சு" என்று சொல்லி, ஓசை குறைந்த புதிய பவர் சப்ளை ஒன்றை மாட்டிக் கொடுத்தார். அதன் பிறகு அறையில் எங்கள் மூச்சுக் காற்றின் ஓசை கேட்டது. அவ்வளவு அமைதி!

தென்காசியில் அது சாரல் காலம். அரபிக் கடலிலிருந்து வரும் தென்மேற்குக் காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியே நுழைந்து, குற்றால மலையில் மழையைக் கொட்டிவிட்டு, மெல்லிய தூறலோடு எங்கள் வகுப்பறைச் சன்னல்களைத் தட்டும். எங்கள் பூகோள மன்றத்தின் சிக்ஸ் உச்ச நீச வெப்பமானியில் பகலிலும் 26, 27 டிகிரிதான். கார்த்திகைக்குள் பாதிப் பாடங்களை முடித்துவிட்டோம். எல்லாம் நலமாகவே நடந்தது.

மாசி மாதம் வந்தது. சாரலும் போயிற்று, அமைதியும் போயிற்று. வெப்பமானி 35, 36 என்று ஏறியது. முன்பு இருக்கும் இடம் தெரியாமல் சுழன்ற அந்த விசிறி, பிற்பகலில் பெருமூச்சு விடத் தொடங்கியது. முதலில் அதைக் கவனித்தவள் எங்கள் தோழிதான். "ஏட்டி, அது முனங்குது, கேக்கலியா? நேத்தைவிட இன்னைக்குச் சத்தம் கூடியிருக்கு" என்றாள். எங்களுக்குக் கேட்கவில்லை. பதிவைப் போட்டுக் கேட்டபோதுதான் அவள் சொன்னது சரியென்று தெரிந்தது.

தேர்வுக்கு மூன்று வாரமே இருந்தது. சமூக அறிவியலில் பாதி பாக்கி. என்ன செய்வது? எங்களில் ஒருத்திக்கு ஒரு யோசனை தோன்றியது. கணிப்பொறிப் பெட்டியைச் சுவர் அலமாரியின் கீழ்த்தட்டில் தள்ளி வைத்தோம். விடுதியிலிருந்து இரண்டு தலையணை உறைகளைக் கொண்டுவந்து மடித்து, விசிறியின் வலைக்கண்மேல் செருகினோம். ஓசை அடங்கியது. எங்கள் அறிவை நாங்களே மெச்சிக்கொண்டோம்.

நாற்பது நிமிடம் ஆயிற்று. பாடத்தின் கடைசிப் பக்கத்தை வாசித்துக்கொண்டிருந்தபோது திரை பட்டென்று இருண்டது. வாசித்த அத்தனையும் போயிற்று. கால் மணி நேரம் கழித்து அழுத்தினால் ஒன்றும் நடவாதது போல மீண்டும் எழுந்தது. மறுநாளும் அப்படியே.

அண்ணாச்சிக்குச் சொல்லி அனுப்பினார்கள். அவர் வருமுன் நாங்கள் தலையணை உறைகளை எடுத்து ஒளித்துவிட்டோம். அவர் ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தார். பெட்டி நன்றாக ஓடியது. "நோய் எதுவும் தெரியலையே சிஸ்டர். புது பவர் சப்ளையே மாத்திப் பாத்திரலாம்" என்றார். நூலகத்துக்குப் புத்தகம் வாங்க வைத்திருந்த பணத்தை அதற்கு எடுத்துக்கொள்ளலாம் என்று சகோதரி சொன்னதைக் கேட்டுக்கொண்டே நின்றோம். எங்கள் வாய் திறக்கவில்லை.

அன்று மாலை எங்கள் தோழி, "துணி சூடான வாடை எனக்கு அன்னைக்கே வந்துச்சு. எனக்காகத்தானே வச்சீங்க, நான்தான் வைக்கச் சொன்னேன்னு சிஸ்டர்கிட்ட நானே சொல்லிர்றேன்" என்றாள். அந்தச் சொல் எங்களைச் சுட்டது. செய்யாத பிழையைச் சுமக்க அவள் முன்வருகிறாள். செய்தவர்கள் நாங்கள் சுவரைப் பார்த்து நிற்கிறோம்! இரவுப் படிப்பு நேரம் முடியுமுன் எல்லோரும் சேர்ந்து சகோதரியிடம் சென்று உண்மையைச் சொன்னோம். உறைகளையும் நீட்டினோம். ஒன்றின் நடுவே மஞ்சள் பாரித்திருந்தது.

சகோதரி கடிந்துகொள்ளவில்லை. சற்று நேரம் அந்த உறையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு, "நாளைக்கு அண்ணாச்சியும் அறிவியல் டீச்சரும் வருவார்கள். நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதை நீங்களே புரிந்துகொள்ள வேண்டும்" என்றார்கள்.

மறுநாள் நாங்கள் கற்ற பாடம் எந்தப் பாடநூலிலும் அப்படி ஒரே இடத்தில் இல்லை. அதைச் சுருக்கித் தருகிறோம்.

குற்றாலத்துப் பேரருவியில் நீராடாதவர் நம்மில் யார்? அத்தனை உயரத்திலிருந்து விழும் நீர் நேராக நம் தலையில் விழுந்தால் என்னாகும்? நடுவில் பொங்குமாங்கடல் என்னும் பாறைக்குடைவு அந்த நீரைத் தாங்கி, அதன் வேகத்தை அடக்கி, பின்பே கீழே விடுகிறது. அதனால்தான் நாம் அருவியடியில் நின்று சிரிக்க முடிகிறது. கணிப்பொறிக்குப் பொங்குமாங்கடல்தான் பவர் சப்ளை. சுவரிலிருந்து வருவது 230 வோல்ட் மாறுமின்னோட்டம். உள்ளே அது நேர்மின்னோட்டமாக்கப்படும்போது உச்சத்தில் ஏறத்தாழ 325 வோல்ட் ஆகிறது. அதை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி ஒரு சிறு மின்மாற்றியில் செலுத்தி, 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் என்று கணிப்பொறிக்கு ஏற்ற அளவில் தருகிறார்கள்.

இந்த வேலைக்கு ஒரு கூலி உண்டு. அதுதான் வெப்பம். 80 விழுக்காடு திறனுள்ள பவர் சப்ளை 100 வாட் கொடுக்க வேண்டுமானால் 125 வாட் வாங்குகிறது. 25 வாட் உள்ளேயே சூடாகிறது. 90 விழுக்காடு திறனுள்ளது 111 வாட் வாங்கி 11 வாட்டை மட்டுமே சூடாக்குகிறது. இந்தத் திறனுக்கு '80 பிளஸ்' என்னும் தரச்சான்று 2004ஆம் ஆண்டு முதல் வழங்கப்படுகிறது. அதில் தங்கத் தரம் பெற்றவை பாதிச் சுமையில் 90 விழுக்காட்டுக்குக் குறையாத திறன் காட்ட வேண்டும். சூடு குறைந்தால் விசிறி மெதுவாகச் சுழன்றால் போதும். உண்மையான அமைதி இப்படித்தான் வர வேண்டும். விசிறியின் வாயைப் பொத்தி அன்று!

இனி விசிறி. ஓசை குறைந்த பவர் சப்ளையில் விசிறி எப்போதும் ஒரே வேகத்தில் ஓடாது. உள்ளே ஒரு சிறு வெப்ப உணரி இருக்கிறது. குளிர்ச்சியாக இருந்தால் விசிறி மெல்லச் சுழலும். சிலவற்றில் நின்றே போகும். சூடு ஏறினால் விரைந்து சுழலும். விசிறியின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் ஓசை சுமார் 15 டெசிபல் குறைகிறது. ஆனால் காற்றும் பாதியாகிறது. ஆனியில் அது அமைதியாக இருந்தது நம் ஊர்ச் சாரலின் தயவால். மாசியில் அது பெருமூச்சு விட்டது நோயால் அன்று. தன் கடமையைச் செய்ததால்.

டீச்சர் கரும்பலகையில் ஒரு கணக்குப் போட்டார்கள். ஒரு லிட்டர் காற்றை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 1.2 ஜூல் வேண்டும். எங்கள் கணிப்பொறி வாங்குவது சுமார் 100 வாட் என்று கொள்வோம். அதாவது நொடிக்கு 100 ஜூல். அது ஏறக்குறைய முழுவதும் கடைசியில் சூடாகத்தான் மாறுகிறது. நொடிக்கு 10 லிட்டர் காற்று ஓடினால், வெளியே வரும் காற்று அறைக்காற்றைவிட 8 டிகிரி கூடுதலாக இருக்கும். 5 லிட்டர் ஓடினால் 16 அல்லது 17 டிகிரி. தலையணை உறையைச் செருகி 2 லிட்டராக்கினால்? விடை 42 டிகிரி வந்தது! அறையின் 36 டிகிரியோடு கூட்டினால் 78. பெட்டியின் தகடு வழியே கொஞ்சம் சூடு கசியும் என்பதால் உண்மையில் சற்றுக் குறையலாம். அப்படியும், காற்றே அவ்வளவு சூடு என்றால், அந்தக் காற்றைச் சூடாக்கும் உறுப்புகள் இன்னும் எவ்வளவு சூடாக இருந்திருக்கும்!

"அப்படியானால் எந்தச் சூடு வரை பயமில்லை அண்ணாச்சி?" என்று கேட்டோம். செய்தவர்கள் பவர் சப்ளையோடு வரும் தாளில் ஓர் அளவைக் குறிப்பிடுகிறார்கள். நல்லவற்றில் 40 டிகிரி அல்லது 50 டிகிரி என்றிருக்கும். 25 டிகிரியில் மட்டுமே முழு வாட்டும் தரும் என்று சொல்லும் மலிவுச் சரக்கும் உண்டு. அந்த எண் வெளியே வரும் காற்றைப் பற்றியதன்று. உள்ளே நுழையும் காற்றைப் பற்றியது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பழைய வகைப் பெட்டிகளில் பவர் சப்ளை மேல்புறம் இருக்கும். அது அறைக்காற்றை வாங்குவதில்லை, கணிப்பொறியின் மற்ற உறுப்புகள் சூடாக்கிய காற்றையே வாங்குகிறது. அறை 36 என்றால் அதற்குக் கிடைப்பது 40க்கு மேல். எல்லையைத் தாண்டினால் சுமையைக் குறைக்க வேண்டும்.

பெரிய தரவு மையங்களில் கருவிகளுக்குள் நுழையும் காற்று 18 முதல் 27 டிகிரிக்குள் இருப்பது நல்லது என்று அமெரிக்காவின் வெப்பவூட்டல், குளிரூட்டல் பொறியாளர் கழகம் பரிந்துரைத்துள்ளது. கோடிக் கணக்கில் செலவு செய்து அவர்கள் உண்டாக்கும் அந்தக் காற்றைக் குற்றாலம் ஆனி, ஆடி மாதங்களில் நமக்குச் சும்மா தருகிறது! ஆனாலும் சாரல் நேரத்தில் கணிப்பொறி அருகே சன்னலைத் திறந்து வைக்கக்கூடாது. தூசியும் ஈரமும் சேர்ந்தால் மின்சுற்றுக்குக் கேடு.

சூட்டால் முதலில் மெலிவது மின்தேக்கிகள். அவற்றினுள் உள்ள திரவம் சூட்டில் மெல்ல வறண்டு போகிறது. 105 டிகிரியில் 2,000 மணி நேரம் உழைக்கும் என்று குறிக்கப்பட்ட மின்தேக்கி, பத்து டிகிரி குறைந்தால் ஏறத்தாழ இரு மடங்கு உழைக்கும். 95இல் 4,000, 85இல் 8,000, 75இல் 16,000, 65இல் 32,000 மணி நேரம். எங்கள் கணிப்பொறி ஆண்டுக்கு 1,200 மணி நேரம் ஓடுகிறதென்று கணக்கிட்டோம். 75 டிகிரியில் 13 ஆண்டு வரும். 85 டிகிரியில் ஏழாண்டுகூட வராது. ஆனிக்கும் மாசிக்கும் இடையே உள்ள பத்து டிகிரிக்குள் இத்தனை இருக்கிறது!

எங்கள் கணிப்பொறி தானாக அணைந்ததும் பழுதன்று. சூடு எல்லை மீறினால் தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும் காவல் பல பவர் சப்ளைகளில் உண்டு. அந்தக் காவல் இல்லாதிருந்தால் மஞ்சளாகிய உறை கரியாகியிருக்கும். "பிள்ளைகளா, வாயையும் மூக்கையும் பொத்திட்டு மூச்சு விடச் சொன்னா அது பாவம் என்ன செய்யும்? நல்ல வேளை, மயங்கி விழுந்துச்சு; சாகல" என்றார் அண்ணாச்சி.

பிறகு அளந்து பார்த்தோம். ஆய்வகத்து வெப்பமானியை விசிறியின் வலைக்கண்ணுக்கு வெளியே தொங்கவிட்டோம்; எதையும் உள்ளே விடவில்லை. இதை வீட்டில் செய்து பார்க்க நினைக்கும் தங்கைமாருக்கு ஓர் எச்சரிக்கை: பவர் சப்ளையின் மூடியை ஒருபோதும் திறக்காதீர்கள். மின் இணைப்பைப் பிடுங்கிய பின்னும் அதன் பெரிய மின்தேக்கியில் உயிரைப் பறிக்கும் மின்னூட்டம் தங்கியிருக்கக்கூடும். அண்ணாச்சிகூட அதைக் கழற்றி எடுத்துத்தான் போவார். எங்கள் முன் திறக்கமாட்டார்.

அலமாரித் தட்டுக்குள், துணி இல்லாமலே, அறை 35 டிகிரி இருந்தபோது வெளிக்காற்று 52 டிகிரி. தான் விட்ட சூட்டையே அது திரும்ப வாங்கிக்கொண்டிருந்தது! தூசியைத் தட்டி, மேசைமேல் சுவரிலிருந்து இரண்டு சாண் தள்ளி வைத்தோம். அரை மணி நேரத்தில் 42க்கு இறங்கியது. மறுநாள் காலை ஆறு மணிக்கு அறை 26, வெளிக்காற்று 35. விசிறி மெல்லச் சுழன்றது. அறையில் பழைய ஆனி மாத அமைதி!

வழி தெரிந்துவிட்டது. புதிய பவர் சப்ளை வேண்டாம். நூலகப் பணம் நூலகத்துக்கே. நீளமான கம்பி போட்டு ஒலிவாங்கியை அறையின் மறுகோடிக்குக் கொண்டுபோனோம். தூரம் இரட்டித்தால் திறந்த வெளியில் ஓசை 6 டெசிபல் குறையும் என்று டீச்சர் சொன்னார்கள். விடுதி மாணவியர் ஐந்தரைக்கே எழுந்தோம். ஊரிலிருந்து வருபவர்கள் முதல் பேருந்தைப் பிடித்தார்கள். அவர்களுக்காக அதிகாலையில் அடுப்பு மூட்டிய அன்னையருக்கு இங்கே நன்றி சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். பதினாறு நாள்களில் மீதிப் பாடம் முழுவதும் பதிவாயிற்று. ஒவ்வொரு நாளும் எங்கள் தோழியே முதலில் அமர்ந்து காது கொடுத்துக் கேட்டு, "இப்போ அது நல்லா மூச்சு விடுது, தொடங்குங்க" என்று சொன்ன பிறகே நாங்கள் வாசிப்போம்.

அவள் தேர்வு எழுதினாள்; தேறினாள். இன்று எங்களோடு பதினொன்றாம் வகுப்பில் இருக்கிறாள். கணிப்பொறி படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. 2011ஆம் ஆண்டு முதல் மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனத்தின் அலுவலகம் இயங்குகிற நம் தென்காசியில் அது எட்டாத ஆசையன்று. அந்தப் பதிவுகள் எங்கள் பள்ளியிலேயே இருக்கின்றன. பின்வரும் தங்கைகள் யாருக்கேனும் வேண்டுமானால் கேட்டுப் பெறலாம். சமூக அறிவியல் ஆறாம் பாடத்தில் ஓரிடத்தில் விசிறியின் பெருமூச்சு மெல்லக் கேட்கும். அழித்துவிடலாமா என்று கேட்டோம். "இருக்கட்டும்" என்றாள் அவள்.

இப்போது எதுவேனும் முனகினால், அதன் வாயைப் பொத்தக் கை நீளுமுன் அதற்கு என்ன சூடு என்று கேட்கப் பழகிவருகிறோம். கணிப்பொறியிடம் அது எளிதாக வருகிறது. வகுப்பில் பக்கத்தில் அமர்ந்திருப்பவளிடமும் வீட்டில் அம்மாவிடமும் இன்னும் பழக வேண்டும்.

அந்த மஞ்சள் பாரித்த தலையணை உறை எங்கே என்று கேட்கிறீர்களா? சகோதரி அதைத் துவைத்து மடித்துக் கணிப்பொறி அறையின் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறார்கள். தூசி துடைக்க அதைத்தான் எடுக்கிறோம்.

பதினொன்றாம் வகுப்பு மாணவியர்